ராத்திரி எது கைக்குக் கிடைக்கவில்லை? டர்பன் வார்டு ஒன்றில் பக்கபலமும் பணி ஈடுபாடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வார்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தெற்குப் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை. அதில் பெண்கள் பொது மருத்துவ வார்டு. கணக்குப்படி 32 படுக்கை. ஜூன், ஜூலை குளிரில் நிமோனியா, காசநோய், இதயச் செயலிழப்பு எல்லாம் ஒன்றாக வந்து சேரும்போது தள்ளுவண்டியிலும் நாற்காலியிலும் ஆட்கள் இருப்பார்கள். காலை 7 முதல் இரவு 7 வரை ஒரு ஷிஃப்ட். இரவு 7 முதல் காலை 7 வரை இன்னொன்று. நர்சிங் கல்லூரிப் பயிற்றுநராக 2017 முதல் 2022 வரை வாரத்தில் இரண்டு மூன்று நாள் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய் வந்தேன். பார்த்ததையும் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். யார் பெயரும் இதில் வராது. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். நம்மூரில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றால் பட்டயமோ பட்டமோ முடித்துப் பதிவு செய்த செவிலி. இங்கே அவரைப் ‘புரொஃபஷனல் நர்ஸ்’ என்பார்கள்; வார்டில் ‘சிஸ்டர்’. ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்பது அவருக்கு ஒரு படி கீழே. அதற்கும் கீழே உதவிச் செவிலிகள். நாகர்கோவிலில் இருந்து வந்த புதிதில் என்னை யாரோ ‘ஸ்டாஃப் நர்ஸா?’ என்று கேட்க, பெருமையாகத் தலையாட்டி வைத்து, அன்று முழுக்க பெட்பேன் கழுவினேன். கழுவியதில் வருத்தமில்லை. ஏன் கழுவச் சொல்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம்.

அந்த வார்டில் இரவுக்கு ஒரு சிஸ்டர், ஒரு ஸ்டாஃப் நர்ஸ், இரண்டு உதவிச் செவிலிகள். 32 பேருக்கு மருந்து, ஊசி, சொட்டு எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடும் உரிமையும் பொறுப்பும் அந்த ஒரு சிஸ்டருக்கு. லிண்டா ஐக்கன் குழு பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கணக்கு செவிலியர் உலகில் எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு செவிலிக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடும், செவிலி மனம் வெந்து ஓயும் வாய்ப்பு 23 சதவீதம் கூடும், வேலையில் நிறைவின்மை 15 சதவீதம் கூடும். அங்கே ஆராய்ந்தது நாலு பேரா எட்டுப் பேரா என்பதை. எங்கள் வார்டின் இரவு அந்த அளவுகோலுக்கு வெளியே கிடந்தது.

படுக்கைகளில் பாதிக்கு மேல் உம்லாசி என்ற ஆப்பிரிக்கர் குடியிருப்பிலிருந்து வரும் சூலு (Zulu) இன அம்மாக்கள். மீதியில் பலர் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியின் ஆயாக்கள், அதாவது பாட்டிகள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் மதராஸிலிருந்து டர்பனில் இறங்கிய முதல் கூட்டத்துக்குப் பின்னால், கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேத்திகள், கொள்ளுப்பேத்திகள். வட ஆற்காடு, செங்கல்பட்டு வாடை இன்னும் போகாத தமிழ் அவர்களில் சிலருக்குத்தான் மிச்சம். நல்ல நாளில் ஆங்கிலம் பேசுவார்கள். காய்ச்சல் ஏறினால், நினைவு தடுமாறினால், தமிழுக்குப் போய்விடுவார்கள். அப்போது யாருக்குத் தமிழ் புரியும் என்று வார்டு தேடும். ஐம்பது தாண்டிய சூலு உதவிச் செவிலி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ‘மா’. ‘வலிக்குதா?’, ‘தண்ணி வேணுமா?’, ‘சாமி இருக்கு’ என்ற மூன்று வாக்கியங்களைச் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்தவர். மூன்றாவதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். “படுக்கை 14. அவள் போய்விட்டாள்” என்றார்.

இன்சுலின் இரவு

2018 இறுதி. கட்டாய சமூக சேவை ஆண்டை அப்போதுதான் முடித்து, அதே வார்டில் வேலைக்குச் சேர்ந்த சாட்ஸ்வொர்த் பெண் ஒருத்தி. வயது 24. பாட்டியிடமும் கோயிலில் ஞாயிறு வகுப்பிலும் படித்த தமிழ். என்னை ‘ஆன்ட்டி’ என்பாள். வார்டுக்குள் வந்துவிட்டால் ‘சிஸ்டர்’. ஆயாக்களின் முடியைச் சீவிப் பின்னல் போட்டுவிட நேரம் கண்டுபிடிக்கும் ஒரே ஆள் அவள்தான்.

அன்று இரவு 9 மணிச் சுற்று. சர்க்கரை நோயாளி ஆயா ஒருவருக்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலின் 18 அலகு கொடுக்க வேண்டும். அவள் எடுத்தது வேகமாக வேலை செய்யும் இன்சுலின். மெதுவானது பால் கலந்த மாதிரி கலங்கி இருக்கும். வேகமானது தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் யாருக்கும் தப்பாது. மருந்தறை டியூப் லைட் ஐந்து வாரமாக எரியவில்லை. கைபேசி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஊசியில் ஏற்றினாள். இன்சுலினுக்கு இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது ஆளான ஸ்டாஃப் நர்ஸ் அப்போது கட்டிலிலிருந்து விழப்போன இன்னொரு நோயாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “போடு, வந்து கையெழுத்துப் போடறேன்” என்றார்.

பதினொன்றரைக்கு ஆயா வியர்த்துக் கொட்டி, அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். இரத்தச் சர்க்கரை பார்க்க ஸ்ட்ரிப் இல்லை. பக்கத்து வார்டுக்கு ஓடி இரண்டு ஸ்ட்ரிப் கடன் வாங்கி வந்து பார்த்தால் 1.9. நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 34. நரம்பில் 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றி, இரவு மருத்துவரைக் கூப்பிட்டு, விடியும் வரை அரை மணிக்கு ஒருமுறை பார்த்து ஆயாவை மீட்டுவிட்டார்கள். தவறு எது என்று அவளேதான் கண்டுபிடித்தாள், பின்னிரவு 3 மணிக்கு, குப்பியைக் கையில் வைத்துப் பார்த்து. அவளேதான் எழுதியும் வைத்தாள். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

காலை 7 மணிக்கு வீட்டுக்கு அனுப்பவில்லை. ‘ஸ்டேட்மென்ட்’ எழுதச் சொன்னார்கள்.

தென்னாப்பிரிக்க மருத்துவமனைகளில் வேலை பார்த்த யாருக்கும் அந்தச் சொல் கேட்டவுடன் வயிற்றில் ஒரு பிடி பிடிக்கும். நோயாளி விழுந்தாலும் ஸ்டேட்மென்ட், தெர்மாமீட்டர் உடைந்தாலும் ஸ்டேட்மென்ட், தாமதமாக வந்தாலும் ஸ்டேட்மென்ட். அவள் பதினாலு மணி நேரம் தூங்காத கண்ணோடு ஒரு தாளில் எழுதினாள். திருப்பிக் கொடுத்தார்கள்: இன்னும் விவரமாக. மறுபடி எழுதினாள். அந்த இரண்டு தாளிலும் டியூப் லைட் இருந்தது, ஸ்ட்ரிப் இருந்தது, விழப்போன நோயாளி இருந்தார். அவளிடம் கேட்கப்பட்டவை மூன்றே கேள்விகள்: யார் எடுத்தது, யார் போட்டது, யார் பார்க்காமல் கையெழுத்திட்டது? பத்தரை மணிக்கு மினிபஸ் டாக்ஸி பிடித்துத் தனியாக வீட்டுக்குப் போனாள். எழுத்து மூல எச்சரிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தது.

அப்போதைய வார்டுப் பொறுப்பாளரைக் கொடுமைக்காரராகக் காட்டினால் எழுத வசதியாக இருக்கும். அவர் அப்படி இல்லை. இரண்டு வார்டுகளின் காகித வேலையை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்து அவரிடமும் ‘யார்?’ என்றுதான் கேட்டார்கள். இசபெல் மென்சிஸ் 1960இல் லண்டன் போதனா மருத்துவமனை ஒன்றைப் பற்றி எழுதியதை நான் வகுப்பில் சொல்வதுண்டு: நோயும் சாவும் தரும் பதற்றத்தைத் தாங்க முடியாத நிறுவனம் வேலையைத் துண்டுதுண்டாக வெட்டும், சரிபார்ப்புக்கு மேல் சரிபார்ப்பு வைக்கும், பொறுப்பை மேலேயும் கீழேயும் தள்ளிவிடும், அதில் நிறுவனத்தின் பதற்றம் குறையும், செவிலியின் பதற்றம் கூடும். வகுப்பில் அது பாடம். அன்று காலை பத்தரைக்கு டாக்ஸி நிறுத்தத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கே அது முழுசாகப் புரிந்தது.

அடுத்த நான்கு மாதம் அவள் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்கு வந்தாள், எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்த்தாள், எல்லாவற்றையும் எழுதினாள். யாருக்கும் பின்னல் போடவில்லை. வில்லியம் கான் 1990இல் பணி ஈடுபாடு என்பதைப் பற்றி முதலில் எழுதியபோது, ஒருவர் தன்னை வேலைக்குள் முழுசாகக் கொண்டுவருவதா, வெளியே நிறுத்தி வைப்பதா என்பதற்கு மூன்று நிலைகளைச் சொன்னார்: செய்வதில் பொருள் இருக்க வேண்டும், தன்னைக் காட்டிக்கொண்டால் அடி விழாது என்ற பத்திரம் வேண்டும், உடம்பிலும் மனசிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். பொருள் அவளுக்குக் குறையவே இல்லை. இரண்டாவது போய்விட்டது. மூன்றாவதை இரவு ஷிஃப்ட் தின்றுகொண்டிருந்தது.

பள்ளிக்கூட நோட்டு

2019 நடுவில் புதுப் பொறுப்பாளர் வந்தார். ஐம்பத்தைந்து வயது. நடால், அதாவது டர்பன் இருக்கும் மாகாணத்துத் தமிழ்க் குடும்பம். தாத்தா கரும்பு வெட்டியவர், அப்பா மாநகராட்சிக் கூலி. நான் அவரை ‘அக்கா’ என்பேன். அவர் என்னைத் ‘தங்கச்சி’ என்பார், கோபம் வந்தால் ‘டீச்சர்’. அவர் நர்சிங் படித்தது இனவாரியாகப் பிரிக்கப்பட்ட காலத்தில். 1957ஆம் ஆண்டு செவிலியர் சட்டம் பதிவேட்டையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. சம்பளமும் நிறத்தைப் பார்த்துத்தான். “எங்களுக்கு மேட்ரன் என்றால் தூரத்திலிருந்து வரும் காலணிச் சத்தம். சத்தம் கேட்டால் கட்டில் விரிப்பை இழுத்து விடுவோம். அவ்வளவுதான் நிர்வாகம்” என்பார்.

வந்த முதல் வாரம் அவர் எதையும் மாற்றவில்லை. காலை 6:40க்கு, இரவு ஆட்கள் கைமாற்றிக் கொடுக்கும் நேரத்தில், வார்டில் வந்து நின்றார். நோயாளி விவரம் முடிந்ததும் இரவு ஆட்களிடம் ஒரே கேள்வி கேட்டார்:

“ராத்திரி எது கைக்குக் கிடைக்கல?”

யாரும் வாய் திறக்கவில்லை. குறை சொன்னால் ஸ்டேட்மென்ட் வரும் என்று பழகிய கூட்டம். மூன்றாம் நாள் ‘மா’ மெல்ல, “தலையணை உறை” என்றார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, தேதி போட்டு, ‘தலையணை உறை’ என்று எழுதினார். மறுநாள் காலை அதே வரிக்கு நேரே எழுதினார்: ‘12 வந்தது. மீதி வெள்ளிக்கிழமை.’ அதை உரக்க வாசித்தும் காட்டினார். அடுத்த வாரம் அந்தப் பெண் சொன்னாள்: “மருந்தறை லைட்டு.”

அந்த விளக்குக்கு விண்ணப்பம் எப்போதோ போயிருந்தது. பராமரிப்புப் பிரிவின் குவியலில் கிடந்தது. அக்கா தினமும் காலை எட்டு ஐந்துக்கு அவர்களுக்கு போன் போட்டார். சத்தம் போடவில்லை. “காலை வணக்கம், நான்தான், லைட்டு” என்று மட்டும். நாலாம் நாள் ஆள் ஏணியோடு வந்தான். இன்சுலின் குப்பிகளுக்கு வீட்டிலிருந்து இரண்டு ஐஸ்கிரீம் டப்பா கொண்டுவந்தார். ஒன்றில் சிவப்பு டேப், ஒன்றில் நீல டேப். டர்பன் தமிழ் வீடுகளில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் இருக்காத பொருளே கிடையாது; ஊறுகாய், மிளகாய்த்தூள், ஊசி நூல். இன்சுலின் அதில் புதுசு.

ஆதரவு என்று சொல்லப்படும் விஷயத்தை ராபர்ட் ஐசன்பர்கர் குழு 1986இல் ஒரு குறிப்பிட்ட அர்த்தத்தில் வரையறுத்தது: என் உழைப்பை நிறுவனம் மதிக்கிறதா, என் நலத்தில் அதற்கு அக்கறை இருக்கிறதா என்று ஊழியர் மனசுக்குள் கட்டிக்கொள்ளும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எங்கள் நிர்வாகங்கள் ஏமாந்து போகின்றன. மே 12 செவிலியர் தினத்துக்கு கேக் வெட்டுவார்கள், மெழுகுவத்தி ஏற்றுவார்கள், ‘நீங்கள் தேவதைகள்’ என்று பேனர் கட்டுவார்கள். கேக்கை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த வார்டில் நம்பிக்கை வளர்ந்த இடம் நோட்டின் வலப்பக்கப் பத்தி. சொன்னது என்ன ஆனது என்று மறுநாள் தெரிந்தது. முடியாது என்றாலும் ‘முடியாது, காரணம் இது’ என்று எழுதினார். ‘முடியாது’ என்ற வரிகளுக்கு யாரும் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை. பதிலே வராதபோதுதான் மனசு விட்டுப்போகிறது.

இரண்டாவது காரியம் விடுப்புப் பட்டியல். இங்கே அதை ‘ஆஃப்-ட்யூட்டி’ என்பார்கள். ஒரு வார்டின் நியாயம் எப்படி இருக்கிறது என்று தெரிய நான் வேறு எதையும் பார்ப்பதில்லை. அந்தப் பட்டியலைப் பார்ப்பேன். அக்கா ஆறு வாரத்துக்கு முன்பே ஒட்டினார். பக்கத்தில் ஒரு கோரிக்கைத் தாள். சூலு செவிலிகளுக்குச் சனிக்கிழமை காலை வேண்டும். சாவு அடக்கம் பெரும்பாலும் அன்றுதான், குடும்பத்தில் யார் செத்தாலும் போயாக வேண்டும். தமிழர்களுக்குத் தைப்பூசக் காவடி, புரட்டாசிச் சனி, தீபாவளி. புனித வெள்ளி அன்று கிறிஸ்தவர்களுக்குக் கோயில். அன்றேதான் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயில் திருவிழாவும், தோட்டக் கூலிகளுக்கு ஈஸ்டர் விடுமுறை கிடைத்த காலத்திலிருந்து. ஆகப் புனித வெள்ளிக்கு எல்லோரும் விடுப்புக் கேட்பார்கள்! அக்கா அவர்களையே மேசையைச் சுற்றி உட்கார வைத்து, “நீங்களே பேசி முடிங்க, நான் டீ போடறேன்” என்று போய்விடுவார். ‘மா’ காவடிக்கு மூன்று பேருக்கு ஈடு கொடுத்து, பதிலுக்கு அந்த வருஷத்தின் எல்லாச் சாவுச் சனியையும் வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன். சந்தைக்காரி தோற்றாள்.

ஐலீன் லேக் 2002இல் உருவாக்கிய செவிலியர் பணிச்சூழல் அளவுகோலில் 31 கேள்விகள், ஐந்து கூறுகள்: மருத்துவமனை முடிவுகளில் செவிலியருக்குப் பங்கு, தரமான செவிலியத்துக்கான அடித்தளம், வார்டுப் பொறுப்பாளரின் திறமையும் ஆதரவும், ஆளும் பொருளும் போதுமான அளவு, மருத்துவரோடு உறவு. அதில் ஆள் எண்ணிக்கையைத் தொட அக்காவுக்கு அதிகாரமே இல்லை. மாகாணம் இடங்களை நிரப்பவில்லை. மருத்துவர்கள் நாலு மாதத்துக்கு ஒருமுறை மாறினார்கள். பொறுப்பாளர் என்ற ஒரு கூறை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வார்டு எவ்வளவு தூரம் நகரும் என்பதற்கு இது நல்ல சோதனை. நகர்ந்தது. எல்லை எங்கே என்பதும் தெரிந்தது; அதற்கு வருகிறேன்.

அறிக்கைகள் கூடின

ஆறு மாதத்தில் மேலிடம் அக்காவைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அந்த வார்டிலிருந்து வரும் தவறு அறிக்கைகள் ஏறிக்கொண்டே போகின்றன, மற்ற வார்டுகளில் இல்லையே, ஏன்?

ஏமி எட்மண்ட்சன் 1996இல் எழுதிய ஆய்வு எனக்கு அப்போது கைகொடுத்தது. நல்ல குழுக்கள் மருந்துத் தவறு குறைவாகச் செய்யும் என்று எதிர்பார்த்து மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தவர், நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பதிவான தவறுகள் அதிகமாக இருப்பதைக் கண்டு திகைத்தார். தவறு கூடவில்லை, சொல்லும் தைரியம் கூடியிருந்தது. அதை ஒரு பக்கத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். கூட்டத்துக்கு எடுத்துப் போனார். வாசித்தார்களா என்று கேட்டேன். “தாளைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, தாளைப் பார்த்தாங்க. சரி, பார்க்கலாம்னாங்க.” அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தவறு நடந்த பிறகு அக்கா செய்ததையும் நான் பலமுறை பார்த்தேன். படிவத்தை அன்றே நிரப்ப வேண்டும் என்பது விதி. அதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைப்பார், பத்து நிமிஷத்தில். “காரணம் நாளைக்குப் பேசலாம். இப்ப நீ வீட்டுக்கு எப்படிப் போற?” என்பார். தனியாகப் போக விடமாட்டார். மறுநாள் அல்லது அதற்கு மறுநாள் பேசுவார். கண்டிப்பும் இருக்கும். ஒருமுறை காய்ச்சல் அட்டவணையை உட்கார்ந்த இடத்திலேயே கற்பனையாக நிரப்பிய ஸ்டாஃப் நர்ஸை ஒழுங்கு விசாரணைக்கு அனுப்பத் தயங்கவில்லை. ஆதரவு என்றால் எல்லாவற்றையும் மன்னிப்பது என்று நினைத்த சிலருக்கு அது அதிர்ச்சி. மீதிப் பேருக்கு நிம்மதி. யார் வேலை செய்கிறார், யார் ஏய்க்கிறார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும், பொறுப்பாளருக்குத் தெரியாதோ என்பதுதான் அவர்கள் எரிச்சல்.

அந்தப் பெண் மறுபடி பின்னல் போட ஆரம்பித்தாள். எந்த நாள் என்று எனக்கு நினைவில்லை. ஒரு நாள் போனபோது படுக்கை 9 ஆயா தலையில் ரிப்பன் இருந்தது.

2021 ஜூலை

கொரோனா அலைகளை வேகமாகக் கடக்கிறேன். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். முகக்கவசக் கணக்கு நோட்டில் தினமும் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். 2020 மார்ச்சில் டர்பனின் ஒரு தனியார் மருத்துவமனையில் தொற்று பரவத் தொடங்கி, ஏப்ரல் முடிவுக்குள் 39 நோயாளிகளும் 80 ஊழியர்களும் பாதிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த வாரத்தில், மற்ற இடங்களில் செவிலிகள் வேலைக்கு வர அஞ்சியபோது, அக்கா வார்டில் எத்தனை கவசம் இருக்கிறது என்ற உண்மையான எண்ணிக்கையைச் சுவரில் எழுதி வைத்தார். குறைவாக இருந்த நாளிலும் எழுதினார்.

கடினமான சோதனை அடுத்த ஆண்டு ஜூலையில் வந்தது. முன்னாள் அதிபர் ஜேக்கப் சூமா சிறைக்குப் போன பின் குவாசூலு-நடாலில் எழுந்த கலவரம், கொள்ளை. மூன்றாம் கொரோனா அலையும் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலைகள் அடைபட்டன, கடைகள் எரிந்தன. 11ஆம் தேதி ஞாயிறு இரவு வேலைக்கு வந்தவர்கள் திங்கள் காலை வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர்களை விடுவிக்க யாராலும் வர முடியவில்லை. அக்கா சாட்ஸ்வொர்த்தில் தெரு முனைக்குத் தெருமுனை மறித்து நின்றவர்களிடம் மருத்துவமனை அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் பக்கியில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) வந்து சேர்ந்தார். மூன்று இரவு அங்கேயே இருந்தார்.

பிறகு ஃபீனிக்ஸ் செய்தி வர ஆரம்பித்தது. இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் அந்தப் புறநகரில் அந்த நாட்களில் 36 பேர் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். செவிலி அறையில் இரண்டு மொழியில் வாய்ஸ் நோட்டுகள் ஓடின. இந்தப் பக்கத்துக் கைபேசியில் ஒரு கதை, அந்தப் பக்கத்துக் கைபேசியில் இன்னொரு கதை. பத்து வருஷம் ஒரே தட்டில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) பிய்த்துத் தின்றவர்கள் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். ‘மா’வின் தங்கை மகன் ஃபீனிக்ஸ் பக்கம் வேலை செய்பவன், இரண்டு நாளாகத் தகவலில்லை.

அக்கா பேச்சு எதுவும் பேசவில்லை. இன நல்லிணக்கம் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறை வெடித்திருக்கும் என்று நினைக்கிறேன். “நோயாளி பக்கத்தில் வாய்ஸ் நோட் ஓடக்கூடாது” என்றார். வேலையை இருவர் இருவராகப் பிரித்தார், வேண்டுமென்றே ஒரு தமிழ், ஒரு சூலு. இருந்த ரொட்டியை எண்ணி, நோயாளிக்குப் போக மீதியை அவரே வெட்டிப் பங்கிட்டார். ‘மா’வின் தங்கை மகன் பற்றி விசாரிக்கத் தனக்குத் தெரிந்த ஃபீனிக்ஸ் ஆட்களுக்கெல்லாம் ‘மா’வின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக போன் செய்தார். பையன் கிடைத்தான். ஒரு கிடங்கில் ஒளிந்திருந்தான்.

எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. இருவர் அதன் பிறகு வேறு வார்டுக்கு மாற்றல் கேட்டார்கள், கிடைத்தது. ஆனால் அந்த மூன்று இரவில் ஒரு மருந்துச் சுற்று கூடத் தவறவில்லை.

ஈடுபாடு வேறு, நிறைவு வேறு

இனி எல்லையைப் பற்றி. பயிற்சிக் கையேடுகள் பணி ஈடுபாட்டையும் பணி நிறைவையும் ஒரே மூச்சில் சொல்லும், ஆதரவு கூடினால் இரண்டும் கூடும் என்று. அந்த வார்டில் இரண்டும் சேர்ந்து நடக்கவில்லை. ஈடுபாடு ஒரு வருஷத்துக்குள் கண்ணுக்குத் தெரிய ஏறியது. நிறைவு அப்படி ஏறவில்லை. “வேலை பிடிச்சிருக்கு, ஆன்ட்டி. ஆனா வாழ்க்கை நடக்கல” என்றாள் அந்தப் பெண். 2007இல் அரசு கொண்டுவந்த சிறப்பு ஊதிய ஏற்பாடு சிறப்புப் பயிற்சி முடித்தவர்களுக்குக் கைகொடுத்தது. பொது வார்டில் நிற்பவளுக்கு அவ்வளவாக இல்லை. இரவு ஏழரைக்கு டாக்ஸி நிறுத்தத்தில் பயம். விடுப்பு நாளில் ஏஜென்சி வழியாக வேறு மருத்துவமனையில் கூடுதல் ஷிஃப்ட். ஓய்வு அங்கே போய்விடும். தென்னாப்பிரிக்காவின் 62 மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு ஒன்றில் பாதிக்கும் மேற்பட்ட செவிலியர் நிறைவின்மையால் மருத்துவமனையை விட்டுப் போக எண்ணியதாகச் சொன்னார்கள். பொறுப்பாளர் நல்லவராக இருப்பதால் மட்டும் அந்த எண்ணம் போய்விடாது. தள்ளிப் போகும்.

இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நல்ல பொறுப்பாளர் கிடைத்தால் செவிலிகள் தங்களை இன்னும் அதிகமாகக் கொடுக்கிறார்கள். ஆள் போடாத நிர்வாகத்துக்கு அது லாபம். ‘அந்த வார்டு நன்றாகத்தானே ஓடுகிறது’ என்று ஒரு காலி இடத்தை வேறு வார்டுக்கு மாற்றிய நாளில் அக்கா முதல்முறையாக என்முன் அழுதார்.

அவருடைய கைபேசி எண் எல்லோரிடமும் இருந்தது. இரவு 3 மணிக்கும் எடுப்பார். வார்டு அதைப் பெருமையாகச் சொன்னது, நானும் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த இரவுகளுக்கென்று மேற்பார்வையாளர் ஒருவர் பதவியில் இருந்தார். அவரைக் கூப்பிட யாரும் விரும்பவில்லை. நிறுவனம் செய்ய வேண்டியதை ஒரு பெண்ணின் தூக்கம் செய்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் வார்டின் உதவிச் செவிலி ஒருவரின் குடிசை அடித்துப் போனபோது துணி, அரிசி, படுக்கை திரட்டியதும் அக்காதான். அந்த மாதமே அவருக்கு இரத்த அழுத்தம் ஏறி, தன் வார்டுக்கு மேல் மாடியில் நான்கு நாள் படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள யார் என்று மேலிடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘மா’ தன் ஓய்வு நேரத்தில் மேலே போய் உட்கார்ந்திருந்தார். “வலிக்குதா?” என்று கேட்டாராம். “சிரிக்கவைக்காதே, அழுத்தம் ஏறும்னேன்” என்றார் அக்கா.

பிறகு

அக்கா 2022 முடிவில் ஓய்வு பெற்றார். அந்தப் பெண் அயர்லாந்து போய்விட்டாள். போவதற்கு முன் ஈசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் அவளைப் பார்த்தேன். எச்சரிக்கைக் கடிதத்தை இன்னும் வைத்திருப்பதாகச் சொன்னாள், கிழிக்க மனசு வரவில்லையாம். அவள் போனதை ஆதரவின் தோல்வி என்று சிலர் சொன்னார்கள். நான்கு மாதத்தில் போயிருக்க வேண்டியவள் நான்கு வருஷம் இருந்தாள் என்பது என் கணக்கு.

புதுப் பொறுப்பாளர் நல்ல மனிதர், இளைஞர், கணினியில் கெட்டிக்காரர். நோட்டை நிறுத்தவில்லை. கடைசியாக நான் போனபோது மூன்றாவது நோட்டு ஓடிக்கொண்டிருந்தது. புரட்டினேன். இடப்பக்கம் முழுசாக நிறைந்திருந்தது. வலப்பக்கம் இடையிடையே வெறுமை. நடுப்பக்கத்தில் ஒரு வரி மூன்று வாரமாகப் பதிலில்லாமல் நின்றது: ‘மருந்தறை டியூப் லைட் மினுக்குது.’ கையெழுத்து ‘மா’வுடையது. அதற்கு நேரே என் பேனாவால் அன்றைய தேதியைப் போட்டுவிட்டு, பராமரிப்புப் பிரிவின் எண் என்ன என்று கேட்டேன்.